பேராசிரியர் டெக்கரும் காய்ச்சல் ரொட்டியும்

விருந்தாளியைத் துன்புறுத்துவதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பயம், அதற்கு மேல் கொஞ்சம் புத்தக அறிவு இருந்தால் போதும். காளயுக்தி வருடத்தில், அதாவது 1978இல், திருவண்ணாமலையில் இந்த மூன்றும் ஒருசேர அமையப்பெற்ற ஆசாமி நான்.

(வருடத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். என் மனைவி கமலா இன்றைக்கும் எழுபத்தேழு என்றுதான் சாதிப்பாள். எங்கள் கல்யாணம் எழுபத்தேழு வைகாசியில். அந்த வருட ஆடிக்கு என் மாமனார் வந்து அவளைக் கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப் போய்விட்டார். நான் சொல்லப்போகிற ஆடியில் அவள் என்னோடு இருந்தாள், முழு பலத்தோடு இருந்தாள். ஆகவே எழுபத்தெட்டு.)

அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்த எங்கள் கல்லூரிக்கு ஹாலந்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஆறு மாதம் பாடம் நடத்தப் போகிறார் என்று செய்தி வந்தபோது, முதல்வர் அறைச் சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார்கள். வந்தவர் பெயர் டெக்கர். நிலவியல் அறிஞர். மெலிந்த உயரமான மனிதர், வெள்ளை மீசை. ஆனியில் வந்து கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

நான் புவியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளன். அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் வாடகை வீட்டின் மாடி அறை காலியாக இருந்தது என்பதுதான் அதற்கு நான் பெற்றிருந்த ஒரே தகுதி.

முதல்வர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே பேசினார். முந்தைய வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அறிஞர் ஒரு கல்யாண விருந்தில் கைநனைத்துவிட்டு, நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து நேராகத் தன் நாட்டுக்குப் போன கதை எனக்கும் தெரியும்.

“இந்த வருஷம் உங்க வேலைய நிரந்தரம் பண்ண எழுதலாம்னு இருக்கேன்,” என்றார். “ஆனா ஒண்ணு. இவருக்கு ஒரே ஒரு தடவ வயித்தால போச்சுன்னு என் காதுல விழுந்துது, நான் எழுத மாட்டேன். புரிஞ்சுதா?”

புரிந்தது. என் எதிர்காலம் முழுவதும் ஒரு டச்சுக்காரரின் குடலுக்குள் இருக்கிறது என்று புரிந்தது.

நான் நிறையப் படிப்பவன். ஐரோப்பியர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று நூலகத்தில் இருந்த அத்தனை பயண நூல்களையும் புரட்டிவிட்டேன். ரொட்டி, வெண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு. அவ்வளவுதான். ஆகவே பேராசிரியருக்குக் காலையில் ரொட்டி, அவித்த முட்டை. மதியம் ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு. ராத்திரி ரொட்டி, மீண்டும் முட்டை. தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்தது. வாழைப்பழத்துக்கு மட்டும் அனுமதி உண்டு, அது தோலோடு வருவதால்.

(ஆசிரமங்கள் இருக்கிற பக்கம் வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு ரசஞ்சோறு பிசைந்து சாப்பிடுவதை ஊரே பார்த்திருக்கிறது, நீ பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அவர்கள் பக்தர்கள், இவர் பேராசிரியர். பக்தர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வேறு வேறு குடல் என்று நான் நம்பினேன்.)

ரொட்டிக்குத் தேரடித் தெருவில் ஒரு பேக்கரி இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ரொட்டி என்பது உணவு அல்ல, மருந்து. காய்ச்சல் வந்தால், டாக்டர் “சோறு வேணாம்” என்று சொன்னால், பாலில் தோய்த்துக் கொடுப்பது. தெம்பாக இருக்கிற மனிதன் ரொட்டி தின்று யாரும் பார்த்ததில்லை. தினம் காலையில் நான் போய்ப் பெரிய ரொட்டியாக ஒன்று வாங்கவும், கடைக்கார பாய்க்குக் கவலை வந்துவிட்டது.

“யாருக்கு சார் ஜொரம்?”

“ஜுரம் இல்ல பாய். எங்க வீட்ல ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு.”

“அய்யோ பாவம். ஊர விட்டு ஊரு வந்து ஜொரமா?”

விளக்கம் சொல்லச் சொல்லக் காய்ச்சல் ஏறியதே ஒழிய இறங்கவில்லை. இரண்டாவது வாரம் அவர் “டைபாய்டா இருக்கும் சார், விடாதீங்க” என்றார். அதற்கப்புறம் நான் கடைக்குள் கால் வைத்ததும் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே “இன்னும் கம்மியாவலியா சார்?” என்பார். நானும் “இல்ல பாய்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நேரம் மிச்சம்.

கமலாவுக்கு இந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கீழே நாங்கள் இருவரும் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிடுவோம். அவள் அப்பா காட்டுக் கடலை, வறுத்து அரைத்தால் தெரு முனை வரைக்கும் மணக்கும். மாடியில் அந்த மனிதர் ரொட்டியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார்.

“ஏங்க, நாலு இட்லி மேல குடுத்தனுப்பட்டுமா?”

“கொலை பண்ணப் பாக்கறியா?”

“இட்லி தின்னு யாருங்க செத்தாங்க? கொழந்தைக்கே அதத்தான் மொதல்ல குடுக்கறாங்க. அவரையே ஒரு வார்த்த கேளுங்களேன்.”

“அவங்ககிட்டல்லாம் கேக்கக் கூடாது. கேட்டா மரியாதைக்கு ‘வேணும்’னு சொல்லிடுவாங்க.”

“வேணாம்னு இருந்தாலும் மரியாதைக்குத் திம்பாங்களா?”

“ஆமா.”

“அப்ப இந்த ரொட்டியும் மரியாதைக்குத்தான் திங்கறாரோ என்னவோ,” என்று சொல்லிவிட்டு அவள் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த வாக்கியத்தை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

டெக்கரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரைப் போல ஓர் ஆசிரியரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. வகுப்பறையில் கரும்பலகையைத் தொடவே மாட்டார். மாணவர்களை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போய், ஒரு பாறையின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்வார். “சூடாக இருக்கிறதா? இது இன்றைய வெயில். இதற்கு முன்னால் இது பட்ட சூட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்,” என்று ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பிப்பார். பிறந்ததிலிருந்து அந்த மலையைக் கும்பிட்டு வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நானும்தான். பாடம் முடிந்ததும் தொட்ட கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். “இது பாறை, எடுத்துப்போகிற மாதிரிப்பொருள் அல்ல” என்பார்.

தன் துணியைத் தானே துவைப்பார். மாடிப்படியைத் தானே பெருக்குவார். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து, கீழே வந்து கமலாவிடம் இரண்டு கையாலும் கொடுத்து, மாணவர்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் “ரொம்ப நன்றிங்க” என்பார். தட்டில் ஒரு துணுக்கு ரொட்டிகூட மீந்திருக்காது. அதைக் கண்டு நான் பெருமைப்பட்டேன். ‘எவ்வளவு பிடித்திருக்கிறது பார்!’

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. கமலா தாளிக்கிற நேரமாகப் பார்த்து அவர் மாடிப்படியின் பாதியில் வந்து நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற நெடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அறைக்குள் மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுப் படிக்கட்டுக்கு ஒரு கதவு போட்டு, சமையல் நேரத்தில் சாத்திவைக்க ஏற்பாடு செய்தேன். டெக்கர் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரொம்ப நன்றிங்க,” என்றார்.

ஆடி பிறந்தபோது மனிதர் பாதியாகியிருந்தார். சட்டை அவர் மேல் காயப்போட்டது போல் தொங்கியது. முதல்வர் என்னை நிறுத்தி, “என்னய்யா, ஆளு எளைச்சுட்டாரே?” என்றார்.

“வயிறு நல்லா இருக்கு சார்,” என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கெட்டுப்போவதற்கு அதற்குள் ஏதாவது போனால்தானே?

இதற்கு நடுவில் ஒரு நாள் மதியம் என் மாமனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பை சாத்துக்குடியோடும் இரண்டு இளநீரோடும் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

“மாப்ள, மறைக்காம சொல்லுங்க. பொண்ணுக்கு என்னா?”

“ஒண்ணும் இல்லயே மாமா.”

“ஒரு மாசமா ரொட்டி வாங்கறீங்கன்னு எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சா இருக்குது. டைபாய்டுன்றாங்க. சொல்லி அனுப்பக் கூடாதா?”

உள்ளேயிருந்து கமலா ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, “இன்னா நைனா இந்த வெயில்ல?” என்றாள். மாமனார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாத்துக்குடியைப் பார்த்தார். அந்தச் சாத்துக்குடியை டெக்கருக்குக் கொடுக்கலாம் என்று நான் முடிவு செய்தேன். அதற்கும் தோல் உண்டு.

ஆடி மூன்றாம் ஞாயிறு. நான் ரொட்டியோடு திரும்பி வந்தபோது மாடி அறை காலி.

“பசங்க நாலு பேரு வந்தாங்க. மலையச் சுத்தி வர்றோம்னு கூட்டினு போயிட்டாங்க,” என்றாள் கமலா.

“சாப்பிடாமலா?”

“ரொட்டி வர்றதுக்குள்ள கெளம்பணும்னு அவசரமா போன மாதிரிதான் தெரிஞ்சுது.”

ஆடி ஞாயிறு. மலை சுற்றும் வழியில் ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ், மோர், பச்சை வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. முதல்வரின் முகம் மலைக்கு மேல் பெரிதாக எழுந்து நின்றது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தேன்.

வழியில் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். “ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் போனாரா?”

“எந்த வெள்ளக்காரரு? தெனம் போறாங்களே.”

“ஒசரமா, வெள்ளை மீசை...”

“சோறு கண்டு நாளான மாதிரி இருப்பாரே, அவரா? அடி அண்ணாமல பக்கம் போனாரு.”

அடி அண்ணாமலையில் மாரியம்மன் கோயில் வேப்ப மரத்தடியில் அண்டா அண்டாவாகக் கூழ். ஊரே சொம்பும் தூக்குமாக வரிசையில் நின்றது. மரத்தடியில் மண் தரையில் சம்மணம் போட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு பித்தளைச் சொம்பை ஏந்தி, அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார் பேராசிரியர் டெக்கர். பக்கத்தில் வாழையிலைத் துண்டில் கருவாடும் முருங்கைக்கீரையும். அவர் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன் பாறையைத் தொடும்போது மட்டுமே பார்த்திருக்கிறேன்.

சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஓடிய வேகத்தில் சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கி, கூழை மண்ணில் கொட்டினேன்.

அடித்துக்கொண்டிருந்த பம்பை நின்றது. வரிசை நின்றது. ஒரு நாய் மட்டும் வந்து கொட்டியதை நக்கியது.

அந்த வருடம் கூழ் வார்க்கும் முறை பட்டம்மா என்கிற அம்மாளின் வீட்டுக்கு. கையில் அகப்பையோடு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

“யோவ்! இன்னாய்யா பண்ண நீ? ஆத்தாளுக்கு வார்த்த கூழுய்யா அது!”

“அம்மா, தெரியாம... அவருக்கு ஒத்துக்காதுமா. வயிறு...”

“ஒத்துக்காதுன்னு அவரு சொன்னாரா, நீ சொல்றியா?”

“நான்தான்...”

“குடிக்கிற மனுசன் கையில இருந்து புடுங்கற, நீ இன்னா அவருக்கு மாமியாரா?” கூட்டம் சிரித்தது. “அது அவருக்கு மூணாவது சொம்பு. சாவறதா இருந்தா மொத சொம்புலயே செத்திருப்பாரு.”

கூட்டத்தில் யாரோ, “இவருதாம்மா, அந்த ஆளுக்குத் தெனம் ஜொர ரொட்டி குடுக்கற வாத்தியாரு,” என்று என்னை அடையாளம் காட்டினார்கள். பட்டம்மா டெக்கரின் தொங்குகிற சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

தீர்ப்பு உடனே வந்தது. கொட்டியவன் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு, அண்டா காலியாகும் வரைக்கும் ஊருக்கு ஊற்ற வேண்டும். “ஒவ்வொருத்தரையும் ‘போதுமா, இன்னும் ஊத்தட்டா’ன்னு வாயத் தொறந்து கேட்டு ஊத்தணும். கேக்கத் தெரியுமில்ல வாத்தியாரே?”

காலையிலிருந்து பட்டினி, வெயிலில் சைக்கிள் மிதித்த தாகம். முதல் சொம்பைத் தண்டனையாகக் குடித்தேன், இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன், அதற்கப்புறம் எத்தனை என்று சொல்ல மாட்டேன். (தேதிகளில்தான் நான் கறார்.) கருவாடும் தனியாக ஒரு கை பார்த்தேன். பிறகு அகப்பையைப் பிடித்து ஊற்றினேன். வரிசையில் டெக்கர் மறுபடி வந்து நின்றார். “போதுமா, இன்னும் ஊத்தட்டா?” என்று கேட்டேன். அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

“கம்மி வேணாம்,” என்றார் டெக்கர். “ஜாஸ்தி.”

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது:

“வருவதற்கு முன்னால் இந்த நாட்டைப் பற்றி நிறையப் படித்தேன். அயலான் சமையலறைப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது, சில வீடுகளில் அவன் பார்வை பட்டாலே உணவைக் கொட்டிவிடுவார்கள் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. உங்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு விலக்கப்பட்டது என்று நினைத்தேன். நீங்கள் கதவு போட்டதும் அது உறுதியாகிவிட்டது.”

“அந்த ரொட்டி?”

“எங்கள் ஊரில் காலையும் மதியமும் ரொட்டிதான். ஆறு மாதம் அதிலிருந்து தப்பலாம் என்றும்தான் விமானம் ஏறினேன்.” சிரித்தார். “ஆனால் நீங்கள் தினமும் காலையில் எனக்காகச் சைக்கிளில் போய் வாங்கி வருவதை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அதை எப்படி மிச்சம் வைப்பது?”

படித்தவர்கள் இரண்டு பேர், கேட்க வேண்டிய ஒரு கேள்விக்குப் பதிலாக ஆளுக்கு ஓர் அலமாரிப் புத்தகத்தைப் படித்துவைத்து, ஒருவர் பசியோடும் மற்றவர் பயத்தோடும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்திருக்கிறோம். ஆனாலும் வித்தியாசம் உண்டு. அவர் தன் தப்பான எண்ணத்துக்காகத் தன்னை வருத்திக்கொண்டார். நான் என் தப்பான எண்ணத்துக்காக அவரை வருத்தினேன்.

அன்று சாயங்காலம் முதல்வர் பயந்தது நடந்தது. யாருக்கோ வயிற்றால் போயிற்று. அந்த யாரோ நான்.

மறுநாள் காலை, அடி அண்ணாமலை நடப்பு முழுவதும் காதில் விழுந்து, முதல்வர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் டெக்கர் தரையில் உட்கார்ந்து ஏழாவது இட்லியை வேர்க்கடலைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார். உள் அறையில் நான் சுருண்டு கிடந்தேன். கமலா பால் கிண்ணத்தில் நேற்றைய ரொட்டியைத் தோய்த்து எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“புரொபசர், உடம்பு எப்படி? வயிறு...” என்று முதல்வர் பதறினார்.

டெக்கர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: “எனக்கு ஒண்ணும் இல்லிங்க. அவருக்குத்தான் வயித்தால போவுது.”

முதல்வர் விதித்த நிபந்தனையில் என் வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொன்ன சொல் மாறாத மனிதர், எழுதிவிட்டார். தை மாதத்தில் என் வேலை நிரந்தரமானது. அதற்குள் டெக்கர் தீபம் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருந்தார், வந்தபோது இருந்ததைவிடக் கனத்த ஆளாக. படிக்கட்டுக் கதவை அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பலகை எங்கள் வீட்டில் வடாம் காயவைக்கப் பயன்பட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது தீர்மானமாக அறிவித்தால், அது மகளின் படிப்பாக இருந்தாலும் சரி, மாமனாருக்கு எடுத்த வேட்டியின் கரையாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் கேட்பார்: “கேட்டீங்களா, இல்ல கதவு போட்டுட்டீங்களா?”

எண்பத்தாறு மார்கழியில் டெக்கர் மறுபடியும் வந்தார். இந்த முறை மனைவியோடு. (இந்த வருடத்தைக் கமலாவும் ஒப்புக்கொள்கிறாள்.) அம்மையார் முதல் நாள் பொங்கலைச் சாப்பிட்டார், இரண்டாம் நாள் இட்லியைச் சாப்பிட்டார், தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. டெக்கர் பெருமையோடு என்னைப் பார்த்தார். “எவ்வளவு பிடித்திருக்கிறது பாருங்கள்!” என்றார்.

எனக்கு அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. மூன்றாம் நாள் காலை, டெக்கர் மலைப் பக்கம் போயிருந்த நேரத்தில், கமலாவைக் கூடவே வைத்துக்கொண்டு நான் அந்த அம்மையாரிடம் போய் நின்றேன். வாயைத் திறந்து கேட்டேன்.

அவர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இந்த ஊரில் எங்கேயாவது கொஞ்சம் ரொட்டி கிடைக்குமா என்றார்.

அன்றைக்கு நான் மிதித்த வேகத்தில் என் வாழ்நாளில் சைக்கிள் மிதித்ததில்லை. தேரடித் தெருவில் அதே பேக்கரி. பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. நான் படியேறியதும் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் பெரிய ரொட்டியாக ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றினார். சணலைக் கட்டி முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டும்போதுதான், மிகுந்த மனவருத்தத்தோடு கேட்டார்:

“இன்னும் கம்மியாவலியா சார்?”